துவக்கச் சாதனத்தை மாற்றுவோர் கடமை

எக்காரியத்திற்கும் தொடக்கமே ஆணிவேர். முதற் கோணல் முற்றுங் கோணல் என்னும் பழமொழியை நம் நாட்டுச் சிறாரும் அறிவர். வீடு கட்டுவோன் கடைக்காலின் உறுதியைக் காணாது சுவரெழுப்பான். வண்டியோட்டுவோன் கடையாணியைத் தொட்டுப் பாராது நெடுவழி செல்லான். இவ்வுண்மையை ஒப்புக்கொள்ளாதார் ஒருவருமில்லை. ஆயினும், கணிப்பொறித் தொழிலில் நன்கு பயின்றோரும் ஒரு விஷயத்தில் இதனை எளிதில் மறந்துவிடக் காண்கின்றோம். யூனிக்ஸ் சர்வர் ஒன்று எச்சாதனத்தினின்று துவங்க வேண்டுமென்று குறிக்கும் ஒற்றை வரியை மாற்றுங் காலத்து அவர் காட்டும் அசட்டையே அது. அவ்வரியை மாற்றுவோர்க்குரிய கடமை யாதென்பதைப்பற்றி எமது அபிப்பிராயத்தை ஈண்டுக் கூறத் துணிகின்றோம்.

சர்வர் என்பது பலர்க்கு ஒருங்கே ஏவல் செய்யும் கணிப்பொறியாகும். வங்கிக் கணக்குகளைக் காப்பதும், பரீட்சை முடிவுகளை மாணவர்க்கு வெளியிடுவதும், நோயாளியின் இரத்தப் பரிசோதனைக் குறிப்பை வைத்தியர்க்குக் காட்டுவதும் இத்தகைய யந்திரங்களே. இவற்றுட் பல யூனிக்ஸ் மரபினவாகிய இயங்குதளங்களால் நடைபெறுகின்றன. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிட்சி முதலியோரால் தொடங்கப்பெற்ற யூனிக்ஸ், பின்னர் ஸோலாரிஸ், ஏஐஎக்ஸ், எச்பி-யூஎக்ஸ் எனப் பல கிளைகளாகப் பிரிந்தது. அதன் நெறியைத் தழுவி 1991-இல் தோன்றிய லினக்ஸ் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. கிளைகள் வெவ்வேறாயினும், யாம் கூறப்புகும் விஷயம் யாவற்றிற்கும் பொதுவானதே.

துவக்கம் எங்ஙனம் நிகழ்கின்றதென்பதை முதற்கண் அறிதல் வேண்டும். மின்சாரம் பாய்ந்த அக்கணத்திலே கணிப்பொறி ஒன்றும் அறியாது. அதன் நினைவகம் வெறுமையாயிருக்கும். இயங்குதளமோ டிஸ்கில் அடங்கிக் கிடக்கும். டிஸ்கைப் படித்தற்கு ஒரு நிரல் வேண்டும். அந்நிரலும் டிஸ்கிலேயே இருப்பின் அதனை யார் படிப்பது? தன் காலணியின் வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்க முயலுதல் போன்றது இஃது என்று கருதியே மேனாட்டார் இதனைப் பூட்ஸ்ட்ராப் என்றனர். அதன் குறுக்கமே பூட் என்பது. 1970-களிற் புழங்கிய பிடிபி-11 முதலிய யந்திரங்களில், முகப்பிலுள்ள சிறு விசைகளை மேலுங் கீழுமாகத் தள்ளி, முதல் நிரலின் எண்களை ஒவ்வொன்றாக மனிதரே உட்செலுத்துவதுமுண்டு. இக்காலத்து அவ்வேலையை யந்திரத்தின் பலகையிலேயே பதிக்கப்பெற்ற ஒரு சிறு நிரல் செய்கின்றது. அது விழித்தவுடன் ஒரு குறிப்பைப் பார்க்கும். அக்குறிப்பிற் கண்ட சாதனத்தைத் தேடிச் சென்று, அதன் முன்பகுதியிலுள்ள துவக்க நிரலைப் படித்து, அதனிடம் பொறுப்பை ஒப்புவிக்கும். அத்துவக்க நிரல் கெர்னல் என்னும் உட்கருவை ஏற்ற, கெர்னல் மற்றெல்லாவற்றையும் எழுப்பும். ஆகவே, ஒன்றன் கையை ஒன்று பற்றிய இவ்வரிசைக்கெல்லாம் முதலாக நிற்பது அச்சிறு குறிப்பேயாம்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் கம்பெனியாரின் ஸ்பார்க் யந்திரங்கள். 1982-இல் தோன்றி 2010-இல் ஆரக்கிள் கம்பெனியோடு சேர்ந்துவிட்ட அக்கம்பெனியார், 1989-இல் வெளியிட்ட ஸ்பார்க்ஸ்டேஷன் 1 என்னும் யந்திரத்திலே ஓப்பன்பூட் என்னும் துவக்க நிரலை அமைத்தனர். மிட்ச் பிராட்லி என்பவர் இதனை வகுத்தார். சார்ல்ஸ் மூர் கண்ட போர்த் என்னும் நிரன்மொழியில் இஃது அமைந்தது, 1994-இல் ஐ.இ.இ.இ. 1275 என்னும் பொது நியமமாகவும் ஏற்கப்பட்டது. இயங்குதளம் எழுவதற்கு முன்னரே இந்நிரல் திரையில் ஓகே என்னும் இரண்டெழுத்தைக் காட்டி, ஏவலை எதிர்பார்த்து நிற்கும். அங்கே பூட்-டிவைஸ் என்னும் பெயருடைய குறிப்பில் துவக்கச் சாதனத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கும். செட்என்வ் என்னுங் கட்டளையால் அதனை மாற்றலாம். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈப்ராம் என்னுங் கட்டளையாலும் மாற்றலாம். இவ்வாறே ஏஐஎக்ஸில் பூட்லிஸ்ட் என்றும், எச்பி-யூஎக்ஸில் செட்பூட் என்றும் கட்டளைகள் உள்ளன. யூஇஎப்ஐ என்னும் துவக்க நிரலுடைய இக்காலத்து யந்திரங்களிலும் பூட்-ஆர்டர் என்னும் வரிசைக் குறிப்பு அதே வேலையைச் செய்கின்றது.

இக்கட்டளையைத் தட்டுதற்கு அரை நிமிஷம் போதும். தட்டிய பின் யாதொரு மாறுதலும் புலப்படாது. சர்வர் முன்போலவே ஓடும். செய்தது சரியா, பிழையா என்பது அடுத்த முறை அது நின்று எழும்போதே வெளியாகும். அந்நாள் ஒரு திங்களில் வரலாம். மூன்றாண்டு கழித்தும் வரலாம். அதற்குள் மாற்றியவர் வேறு வேலைக்குச் சென்றிருப்பார். பிழையை விதைத்தவர் ஒருவர், அதன் விளைவை அறுப்பவர் மற்றொருவர் என்றாகிவிடும். ஆதலின், அச்சாதனத்தினின்று சர்வரை உண்மையில் ஒருமுறை எழுப்பிப் பாராத வரையில், அக்குறிப்பை மாற்றியவர் தம் வேலையை முடித்தவராகார் என்பதே எமது கொள்கை. இக்கொள்கைக்குரிய காரணங்களை இனி விளக்குவோம்.

பெரும்பாலும் எதன்பொருட்டு இக்குறிப்பை மாற்றுகின்றனர்? ஒரு டிஸ்க் கெட்டாலும் மற்றொன்று காக்கவேண்டுமென்று, இரண்டு டிஸ்க்குகளில் ஒன்றன் படியாக மற்றொன்றை வைப்பதுண்டு. அவ்வாறு வைத்தவர், முதல் டிஸ்கின் பெயரோடு இரண்டாவதன் பெயரையும் குறிப்பிற் சேர்த்துவிட்டு, இனிக் கவலையில்லையென்று மகிழ்கின்றனர். ஆனால் இரண்டாம் டிஸ்கில் தகவல்கள் யாவும் இருப்பினும், துவக்க நிரல் இல்லாதிருத்தல் கூடும். ஸ்பார்க் யந்திரங்களிலே டிஸ்கின் முதற் கூறு அதன் அடையாளச் சீட்டாகவும், அதனையடுத்த 15 கூறுகள் துவக்க நிரலுக்குரியனவாகவும் ஒதுக்கப்பட்டிருந்தன. இன்ஸ்டால்பூட் என்னுங் கட்டளையால் அந்நிரலை இரண்டாம் டிஸ்கிலும் தனியே பதித்தல் வேண்டும். ஏஐஎக்ஸில் இதற்குப் பாஸ்பூட் என்றும், எச்பி-யூஎக்ஸில் எம்கேபூட் என்றும் வெவ்வேறு கட்டளைகள் உண்டு. லினக்ஸிலும் இவ்வபாயம் நீங்கியதன்று. யூஇஎப்ஐ படிக்கும் சிறு பகுதி பெரும்பாலும் இரட்டைப்படி ஏற்பாட்டிற்கு வெளியே நிற்பதால், இரண்டாம் டிஸ்கில் அது வெறுமையாகவே கிடந்துவிடுவதுண்டு. வாசலின் முகவரியை எழுதிவைத்தோம். அங்கே வாசல் இருக்கின்றதா என்று பார்த்தோமில்லை என்பதே இதன் பொருள்.

துவக்க நிரல் இருந்தாலும் வேறு தடைகள் எழலாம். ஸோலாரிஸில் டிஸ்க்குகளை இணைக்கும் ஏற்பாட்டில், அவற்றின் நிலையைக் குறிக்கும் சிறு பதிவுகள் பல படிகளாக வைக்கப்படும். இரு டிஸ்கிலும் மும்மூன்று படிகள் வைத்ததாகக் கொள்வோம். ஒரு டிஸ்க் கெட்டால் எஞ்சுவன சரிபாதி. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் அப்பாதியைக் கொண்டே தொடர்ந்து ஓடும். ஆனால் நின்று மீண்டும் எழும்போதோ, பாதிக்கு மேற்பட்ட படிகள் வேண்டுமென்று கேட்டு, பலர்க்கும் பயன்படும் நிலைக்கு வாராது பாதிவழியில் நின்றுவிடும். இதனை முன்னரே அறிந்தவர் இரண்டொரு கட்டளையில் தீர்த்துவிடுவர். நள்ளிரவில் முதன்முறையாகக் காண்பவர் திகைப்பர்.

பெயர்களால் வரும் மயக்கமும் சிறிதன்று. ஸ்பார்க்ஸ்டேஷன் 1 முதலிய யந்திரங்களில் டிஸ்க் என்று பொதுவாக வழங்கிய பெயர், பூச்சியம் என்னும் எண்ணுடைய டிஸ்கைக் குறியாது, மூன்று என்னும் எண்ணுடையதையே குறித்தது. அதனை அறியாதவர் எண் ஒன்றை எழுதி, வேறொன்றை எழுப்பினர். லினக்ஸிலோ டிஸ்க்குகளுக்குக் கண்டுபிடிக்கப்படும் முறையே எழுத்துக்கள் வழங்கப்படுவதால், இன்று முதலாவதாக நின்றது நாளை இரண்டாவதாகலாம்; இதுபற்றியே மாறாத நீண்ட அடையாள எண்ணை வழங்கும் வழக்கம் ஏற்பட்டது. இன்னும், பழைய சன் யந்திரங்கள் பலவற்றில் சோதனை நிலைக்குரிய விசை ஒன்றுண்டு. அது திறந்திருப்பின், யந்திரம் பூட்-டிவைஸ் குறிப்பைப் பாராது, டயக்-டிவைஸ் என்னும் வேறொரு குறிப்பையே பார்க்கும். ஒருவர் முதற்குறிப்பை எத்தனை முறை திருத்தினாலென்ன? யந்திரம் படிப்பது வேறு ஏடு.

இனி, இதற்கு மாறாகக் கூறுவாருடைய வாதங்களையும் ஆராய்தல் நேர்மையாகும்.

குறிப்பில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று தவறினால் மற்றொன்று உதவும். சோதனை எதற்கு என்பர் சிலர். அது பொருந்தாது. என்னை? துவக்க நிரல் வரிசையிலுள்ள முதற் சாதனத்தைத் திறக்க முயலும். திறக்க முடியாதாயின் அடுத்ததற்குச் செல்லும். ஆனால் முதல் டிஸ்க் முற்றும் இறவாது, பாதி உயிரோடு கிடந்து, திறந்தபின் கெர்னலைத் தரமாட்டாது தடுமாறினால் யாதாகும்? ஓப்பன்பூட் அவ்விடத்துப் பொறுப்பை ஒப்புவித்துவிட்டது. திரும்பி வந்து இரண்டாம் பெயரைப் பாராது. டிஸ்க்குகளோ முழுதும் இறப்பதினும் சிறிது சிறிதாகக் கெடுவதே பலகாலும் நிகழ்வது. அன்றியும், சன் யந்திரங்கள் பலவற்றில் இயல்பாக எழுதப்பட்டிருந்த வரிசை டிஸ்க், நெட் என்பதாகும். டிஸ்க் கிடையாதாயின் யந்திரம் வலையை நோக்கி, என் முகவரி யாது என்று கூவிக்கொண்டேயிருக்கும். மறுமொழி கூறுவார் இல்லாதவிடத்து அக்கூவல் ஓயாது. மறுமொழி கூறுவார் இருந்தாலோ அபாயம் பின்னும் பெரிது. ஏனெனில், ஆர்ஏஆர்பி, டிஎப்டிபி என்னும் அப்பழைய முறைகளில், விடை தருபவர் உரியவர்தாமா என்று தெளியும் வழியில்லை. எனவே, தேவையில்லாத சர்வரின் துவக்க வரிசையினின்று வலையின் பெயரை நீக்கிவிடுதலே நன்று.

எங்கள் சர்வர் மூன்றாண்டாக ஒருமுறையேனும் நின்றதில்லை. அதனை வலிய நிறுத்திச் சோதிப்பது பேதைமையன்றோ என்பர் வேறு சிலர். நில்லாது ஓடிய நாட்களைக் காட்டுதற்கென்றே யூனிக்ஸில் அப்டைம் என்னும் கட்டளை உண்டு; அவ்வெண் வளர்வதிற் பெருமை கொள்வோரும் பலர். அப்பெருமையை யாம் பழிக்கவில்லை. ஆயினும், விழாதிருத்தல் வேறு, விழுந்தால் எழுதல் வேறு. மூன்றாண்டு நில்லாத சர்வர் தன் ஓட்டத்தின் வலிமையையே காட்டிற்று. எழும் வலிமையைக் காட்டவில்லை. மேலும், அம்மூன்றாண்டில் எத்தனை திருத்தங்கள் செய்யப்பட்டன! எத்தனை டிஸ்க்குகள் மாற்றப்பட்டன! அவற்றுள் எது துவக்கத்தைக் கெடுத்ததென்பதை, எல்லாம் ஒருங்கே வெளிப்படும் அந்நாளில் எவர் பிரித்தறிவார்? மாற்றம் செய்த அன்றே சோதித்தால், பிழை ஒன்றேயாயிருக்கும்; அதன் காரணமும் கண்ணெதிரே நிற்கும்.

மூன்றாவது வாதம் இரக்கத்தைக் காரணமாகக் கொண்டது. சர்வர் நிற்குமாயின் அதனை நம்பியுள்ளோர் இடருறுவரே என்பது அது. இவ்வாதத்தை யாம் மதிக்கின்றோம். ஆனால் அவ்விரக்கமே எமது கொள்கைக்கும் ஆதாரம். மருத்துவமனையொன்றின் சர்வரை எண்ணிப் பார்ப்போம். அதன் முதல் டிஸ்க் ஒருநாள் கெடுகின்றது. இரட்டைப்படி இருத்தலால் ஒருவரும் அறியாது யாவும் நடைபெறுகின்றன. சில நாட் கழித்து இரவில் மின்சாரம் நின்று மீள்கின்றது. சர்வர் கெட்ட டிஸ்கை நாடிச் சென்று மயங்கி நிற்கின்றது. அவ்வேளையிற் காவலிருப்பவர் பெரும்பாலும் தொழிலுக்குப் புதியவராகிய ஓர் இளைஞர். படுக்கையிலே நோயாளி, கையிலே குறிப்பின்றி வைத்தியர், திரையிலே பொருள் விளங்காத ஆங்கில வரிகள். முன்னரே அறிவித்து, பணி குறைந்த ஒரு விடியற்காலையில் அரைமணி நேரம் நிறுத்துவதா, அறிவியாது வரும் அவ்விரவிற் பலமணி நேரம் நிற்பதா, இவற்றுள் எது இரக்கம்? நிற்காதிருக்கும் வழி மூன்றாவதாக ஒன்றில்லை. நிற்கும் வேளையை நாம் குறிப்பதா, விபத்துக் குறிப்பதா என்பதே கேள்வி.

இவையெல்லாம் பழைய யந்திரங்களுக்குரியன. இன்று சர்வர்கள் பல உருவமற்ற பாவனை யந்திரங்களாகிவிட்டன என்பாருமுளர். பாவனை யந்திரத்திற்கும் துவக்க நிரலுண்டு, வரிசைக் குறிப்புமுண்டு, தவறான டிஸ்கைப் படித்து நிற்கும் தன்மையுமுண்டு. யந்திரத்தைக் கையாலே தொட இயலாமை அவ்விடத்து மிகுதியான தொல்லை. ஆகவே அவ்வாதமும் நில்லாது.

இனி, இக்கடமையைச் செய்யும் முறையைக் கூறுவோம். முதலாவது, பழைய குறிப்பை அப்படியே ஓர் ஏட்டில் எழுதிக்கொள்க. இரண்டாவது, நிலையாக மாற்றுதற்கு முன் ஒருமுறைக்கு மட்டும் மாற்றிப் பார்க்க. ஓப்பன்பூட்டில் ஓகே என்னும் எழுத்துக்களுக்குப் பின், பூட் என்று தட்டி இரண்டாம் டிஸ்கின் பெயரைச் சேர்த்தால், குறிப்பு மாறாமலே அம்முறை அதனின்று எழும். யூஇஎப்ஐயில் பூட்-நெக்ஸ்ட் என்னும் தனிக் குறிப்பு இதன்பொருட்டே அமைந்தது; அடுத்த துவக்கத்திற்கு மட்டும் பயன்பட்டுத் தானே நீங்கிவிடும். பிரீபிஎஸ்டியில் நெக்ஸ்ட்பூட் என்னுங் கட்டளை அவ்வகையினதே. இவற்றை வகுத்த அறிஞர், மனிதர் சோதித்தபின்னரே துணிவர் என்று எதிர்பார்த்தனர் போலும். மூன்றாவது, சோதனை தேறியபின் நிலையாக மாற்றி, விசைப்பலகையை ஒருவரும் தொடாதிருக்கச் சர்வரைத் தானாக எழவிடுக. விபத்து நேரும் இரவில் அங்ஙனமே அது தனித்திருக்கும். நான்காவது, புதிய குறிப்பையும், எந்த டிஸ்க் எந்த இடத்திலுள்ளதென்பதையும், சோதித்த தேதியையும் ஏட்டில் எழுதி, யந்திரத்தின் மேலும் ஒரு சீட்டு ஒட்டுக.

குறிப்பு எழுதியது எழுதியபடியே என்றும் இருக்குமென்றும் நம்புதல் கூடாது. பழைய சன் யந்திரங்களில் அதனைத் தாங்கிய சில்லினுள் ஒரு சிறு லிதியம் மின்கலம் அடக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழப் பத்தாண்டில் அம்மின்கலம் ஓய, துவக்கக் குறிப்போடு யந்திரத்தின் அடையாள எண்ணும், வலை முகவரியும் ஒருங்கே அழிந்தன. ஏட்டில் எழுதி வைத்தவர் மீண்டும் எழுதினர், எழுதாதவர் அலைந்தனர். காவலும் இன்றியமையாதது. சர்வரை வேறொரு சாதனத்தினின்று எழுப்ப வல்லவர், அதன் டிஸ்கைத் திறந்து மூலக் கடவுச்சொல்லையும் மாற்ற வல்லவராவர். இதுபற்றியே ஓப்பன்பூட்டில் காவல் நிலையொன்றை அமைத்தனர். அதனை ஏற்படுத்தினால், வழக்கமான துவக்கம் தடையின்றி நிகழும். வேறு சாதனத்தைக் குறிப்பிட விரும்புவோரைக் கடவுச்சொல் தடுக்கும். துவக்கக் குறிப்பு எத்துணை மதிப்புடையதென்பதற்கு அதனை வகுத்தோரே தந்த சாட்சி இது.

மாணவ நண்பர்காள்! உங்களுட் பலர் நாளை இத்தொழிலிற் புகுவீர். கட்டளைகளைக் கற்றல் எளிது. ஒரு மாலையிற் கற்றுவிடலாம். கட்டளையின் பயனைக் கண்ணாற் கண்டபின்னரே எழுந்து செல்வோம் என்னும் ஒழுக்கமோ அத்துணை எளிதன்று. நீங்கள் எழுதிய வரியை என்றோ ஓர் இரவில் உங்களை அறியாத ஒருவர் நம்பி நிற்பார். அவர் உங்களைப் புகழப்போவதில்லை. யாவும் இயல்பாக எழுந்துவிடின், உங்கள் பெயரை நினைத்தற்கும் அவர்க்குக் காரணமிராது. அங்ஙனம் நினைக்கப்படாதிருத்தலே இத்தொழிலிற் சிறந்த நற்பெயர். ஆதலின், துவக்கச் சாதனத்தை மாற்றும் ஒவ்வொருவரும் மாற்றிய அன்றே அதனின்று சர்வரை எழுப்பிக் கண்டு, கண்டதை எழுதி வைப்பாராக.